ரோட்டு மேல வீடு

1

எங்கள் ஹால் ஜன்னலின் திரையை விலக்கினால் வானம் தெரியாது. மாடிப் பேருந்தின் மேல்தளம்தான் தெரியும். அதில் உட்கார்ந்திருப்பவர் நம்மைப் பார்ப்பார், நாமும் அவரைப் பார்த்தாக வேண்டும். லண்டனில் முன்பின் தெரியாதவரை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்பார்கள். பேருந்து நகர்ந்தால்தானே மரியாதையைக் காப்பாற்ற முடியும்? முன்னால் ஒரு பார்சல் வேன், அதற்கு முன்னால் ஒரு குப்பை லாரி, அதற்கும் முன்னால் சிக்னல். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் ஜன்னல் கண்ணாடியும் அதோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று என் கணவர் ஜெரால்டு ஒரு கேக் வாங்கி வந்தார். எங்கள் ஒரே மகள் ஷெரின், பதினோரு வயது, மெழுகுவர்த்தியை ஊதினாள். சுடர் ஆடியது, அணையவில்லை. திரும்ப ஊதப்போனவளுக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பேருந்திலிருந்து ஒருவர், நாங்கள் ஏதோ விளையாடுகிறோம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கைதட்டினார்.

நான் போய்த் திரையை இழுத்து மூடினேன். மெழுகுவர்த்தியை ஜெரால்டு விரலால் நசுக்கி அணைத்தார். வீட்டை விற்றுவிடலாம் என்று மறுபடியும் சொன்னேன். அவர் கேக்கை வெட்டிக்கொண்டே, "ரோட்டு மேல வீட்ட எவளாவது விப்பாளா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கேக்கை அந்தப் பேருந்தின் மேல் வீசியிருப்பேன்.

2

திண்டுக்கல்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதைக்கூடப் பிறகுதான் கேட்பார்கள். வீடு எங்கே என்பதுதான் முதல் கேள்வி. மெயின் ரோட்டு மேல என்று பதில் வந்தால் கேட்டவர் முதுகு தானாக நிமிரும். உள்ளே தள்ளி என்றால் ஒரு "ஓகோ" வரும். அந்த ஓகோவுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

என் அப்பா பழனி ரோட்டில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிகள், டவுன் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணீர் டேங்கர், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், மூன்று பேரும் ஒரு மூட்டையும் போகும் டிவிஎஸ் ஃபிப்டி என்று அத்தனையும் எங்கள் பால்கனிக்குக் கீழேதான் போயாக வேண்டும். தைப்பூசத்துக்கு நடந்து போகிற பக்தர்கள் வந்துவிட்டால் வண்டியெல்லாம் மாட்டு வண்டி வேகத்தில் ஊரும், புகை மட்டும் அதே வேகத்தில் வரும். அம்மா உயிரோடு இருந்தவரை வாசல் மாடத்தில் இருக்கும் மாதா சுரூபத்தைக் காலையில் ஈரத்துணியால் துடைப்பார். வெள்ளைச் சுரூபம். சாயங்காலத்துக்குள் மாதா முகத்தில் மை பூசினாற்போல் ஆகிவிடும். "மாதாவுக்கே இந்தக் கதின்னா நமக்கு என்ன" என்று துணியை அலசுவார். அது எங்கள் வீட்டில் தினப்படி பேச்சு. அந்தக் கரி எங்கிருந்து வருகிறது, நாங்களும் அதையே சுவாசிக்கிறோமே என்றெல்லாம் யாரும் யோசித்ததில்லை. ரோட்டு மேல் வீடு என்றால் சும்மாவா?

நாங்கள் லண்டனில் வீடு பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா எங்களோடு தங்க வந்திருந்தார். கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று முட்டுச் சந்தின் கடைசியில், பின்னால் பூங்கா. இன்னொன்று இது. கடைக்கு மேல் மாடி, வாசலில் பஸ் ஸ்டாப்.

வீட்டு ஏஜென்ட் ஒரு நல்ல மனுஷன். இந்த வீட்டைக் காட்டும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் சத்தம் இருக்கும் என்றார். பஸ் வாசலிலேயே நிற்கும் என்றார். காலையும் மாலையும் வண்டிகள் தேங்கும், ஜன்னலைத் திறந்து வைப்பது சிரமம் என்றார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன குறை ஒவ்வொன்றும் எங்களுக்கு வசதியாகப் பட்டது. அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. இத்தனை நல்லது இருக்கிற வீட்டைக் கொடுக்க இந்த ஆள் ஏன் இப்படி வருத்தப்படுகிறான் என்று என்னிடம் கேட்டார். முட்டுச் சந்து வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஒரே வரிதான்.

"அம்புட்டு உள்ள போய்க் கெடந்தா எவன்மா நம்மளத் தேடி வருவான்?"

அப்புறம் ஒரு குருவானவரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரித்தோம். அவர் செபம் சொன்னது எங்கள் யார் காதிலும் விழவில்லை. வெளியே ஒரு லாரி பீப் பீப் என்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

3

ஷெரினுக்கு முதல் தடவை மூச்சு முட்டியது குடிவந்த இரண்டாம் குளிர்காலத்தில். சளி என்று கற்பூரவள்ளிக் கஷாயம் கொடுத்தேன். கற்பூரவள்ளியை ஜன்னலோரத் தொட்டியில்தான் வளர்த்தேன். அந்த இலையைக் கழுவினால் கழுவிய தண்ணீர் கறுப்பாக ஓடும். கறுப்பு போகக் கழுவிவிட்டு அதையே பிள்ளைக்குக் கொடுத்த என் புத்தியை என்ன சொல்வது?

ஆஸ்துமா என்றார்கள். நீல நிற இன்ஹேலர், அதை மாட்டி மூச்சிழுக்க ஒரு பிளாஸ்டிக் குழல், வருடத்துக்கு ஒரு பரிசோதனை. முதல் பரிசோதனையில் நர்ஸ், உங்கள் வீடு பிரதான சாலைக்குப் பக்கமா என்று கேட்டார். ஜெரால்டு வத்தலக்குண்டுக்காரர், வழக்கம் எங்கே போகும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்தில் இல்லை, சாலையின் மேலேயே இருக்கிறது, பஸ் ஸ்டாப் எங்கள் வாசலில் என்றார். நர்ஸ் நிமிர்ந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜெரால்டு அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

நான் கவுன்சிலுக்கு எழுதினேன். பேருந்து நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. பிறகு என் வயது, பாலினம், மதம், நான் சைக்கிள் ஓட்டுவேனா என்றெல்லாம் கேட்டு ஒரு கணக்கெடுப்பு. மூச்சைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. பல மாதம் கழித்து இரண்டு பேர் வந்து, வண்டி நிற்கும்போது எஞ்சினை அணைக்கவும் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் எப்போதும் ஒரு பார்சல் வேன் நிற்பதால் அந்தப் பலகையைப் படித்தவர்கள் நாங்கள் மூவர் மட்டும்தான்.

பார்சல் வேனைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. ஜெரால்டுக்கு அதுதான் வேலை. கம்பெனி இப்போது பேட்டரி வேன் கொடுத்திருக்கிறது. புகை கிடையாது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதில் மட்டும் டீசல் வேனுக்கு இம்மியும் இளைத்ததில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாமல் பின்னால் பேருந்து உறுமும். சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் பேட்டரி சைக்கிளை நடைபாதையில் ஏற்றுவார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட, அரைப் பேருந்து அகலமுள்ள காரில் ஓர் அம்மா தனியாக வருவாள். நல்ல காற்று வேண்டும் என்று பள்ளி வாசலில் பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு முன்னால் அந்தக் காரை ஓடவிட்டுக்கொண்டு நிற்பாள்.

ஷெரினின் வகுப்பில் ஒரு செயல்திட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வாசலில் சின்னக் குழாய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும், காற்றில் எவ்வளவு நஞ்சு என்று அது காட்டும். வகுப்பிலேயே மோசமான காற்று எங்கள் வாசலில். ஷெரின் துள்ளிக்கொண்டு வந்து, "அம்மா, நம்ம வீடு ஃபர்ஸ்ட்!" என்றாள். எல்லாரும் கைதட்டினார்களாம்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. பெண் பிள்ளைக்கு வீசிங் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஜெரால்டின் கட்டளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று. பதினோரு வயதுக்கு! ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. அப்பா ஞாயிறுதோறும் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, மகள் லண்டனில் ரோட்டு மேல் வீடு வாங்கியிருக்கிறாள், இடத்தைக் காட்டியதே நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

4

ஆகஸ்ட்டில், ஷெரினின் கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல் போனோம். ஜெரால்டுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர் வராததும் ஒருவிதத்தில் நல்லதாய்ப் போயிற்று.

ஷெரின் தெருவில் இறங்கினால் முகக்கவசம் போட்டுக்கொண்டாள். கீழே, அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது பேட்டரிக் கடை வைத்திருக்கிறவர், பாப்பாவுக்கு ஏதாவது தொத்து வியாதியா என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஊருக்கு வந்தும் வாயைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா என்று என்னிடம் முணுமுணுத்தார். நான் தூசி ஒத்துக்கொள்ளாது என்று மழுப்பினேன். அவரே நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தார். கேட்டால் ஆடிக் காற்று என்றார். ஆடி முடிந்து பத்து நாளாகியிருந்தது.

காந்திகிராமம் பக்கம் அம்மா வழியில் வந்த சின்ன வீடு ஒன்று எங்களுக்கு உண்டு. பைக் மட்டும் போகிற சந்துக்குள், பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து சுத்தம் செய்து, அப்பாவை அங்கே குடிவைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். அவர் பேச்சுக்குத் தலையாட்டினார். ஒரு நாள் காலையில் மூவரும் பாண்டி ஆட்டோவில் கிளம்பினோம். பாண்டி எங்களுக்கு வாடிக்கை, நான் காலேஜ் போன காலத்திலிருந்து. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெரிசல் என்று குறுக்கு வழியில் விட்டார். அந்த வழியில் ஒரு ரயில்வே கேட். அது மூடியிருந்தது.

எங்கள் ஊரில் கேட் மூடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடது பக்கம் வரிசையாக நிற்பவன் ஏமாளி. பின்னால் வருகிறவன் வலது பக்கமாக ஏறிக் கேட்டுக்கு முன்னால் போய் நிற்பான், அவனுக்கும் வலது பக்கத்தில் இன்னொருவன் நிற்பான். ரோடு முழுக்க நிரம்பிவிடும். எதிர்ப்பக்கமும் அப்படியே. நடுவில் தண்டவாளம். கேட் திறந்ததும் இரண்டு படைகளும் நேருக்கு நேர் நிற்கும், ஒருவரும் போக முடியாது. இது தினமும் நடக்கிறது. தினமும் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

எங்களுக்கு வலது பக்கம் ஒரு லாரி, இடது பக்கம் மினி பஸ், முன்னால் ஷேர் ஆட்டோ. ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை. இப்போது திறந்துவிடும் என்ற நம்பிக்கை. சரக்கு ரயில் வேறு, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மினி பஸ்ஸின் புகைக்குழாய் ஷெரின் உட்கார்ந்திருந்த பக்கம். அவள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தபோதே புரிந்துவிட்டது. குழலை மாட்டிக் கொடுத்தேன். ஒரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவை. இழுக்கிற மூச்சும் அதே புகைதானே? உதடு வெளுத்துவிட்டது.

அப்பா அந்தக் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்றார். வீசிங் என்றேன். எப்போதிலிருந்து என்றார். மூன்று வருடமாக என்றேன்.

அவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஐம்பது வருடம் லாரிக்காரர்களோடு பழகிய மனிதர், யாரிடமும் கையை நீட்டிக் கேட்டுப் பழக்கமில்லாதவர். லாரிக் கதவைத் தட்டினார்.

"அப்பு, செத்த நேரம் எஞ்சினை நிப்பாட்டுப்பா. எம் பேத்திக்கு மூச்சு விட முடியல."

லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உடனே அணைத்தார். அப்பா மினி பஸ்ஸுக்குப் போனார். அங்கிருந்து முன்னால் இருந்த ஷேர் ஆட்டோ, அதற்கடுத்து ஒரு கார். ஏசி போய்விடும் என்று அந்தக் கார்க்காரர் சொன்னது எனக்கே கேட்டது. அப்பா கும்பிட்டார். என் அப்பா ஒருவரைப் பார்த்துக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பாண்டியும் இறங்கி அடுத்த வரிசைக்கு ஓடினார். ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அடங்கின. கொஞ்ச நேரம் சரக்கு ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் கேட் திறந்தது. அவ்வளவுதான். அணைத்த வண்டியெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி, எதிரே வந்த வண்டிகளோடு மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. ஹாரன் சத்தத்தில் காது போயிற்று. நான் ஷெரினைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு இடையில் புகுந்து பக்கத்துச் சந்துக்குள் ஓடினேன். பதினோரு வயதுப் பெண்ணைத் தூக்க முடிந்தது இப்போது நினைத்தாலும் ஆச்சரியம். ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து ஸ்டூல் போட்டார். நாலு வீடு தள்ளி உள்ளே வந்திருப்போம், அவ்வளவே. அங்கே காற்று இருந்தது. ஷெரின் திரும்பக் குழலை இழுத்தாள். மெல்ல மெல்ல நெஞ்சு அடங்கியது.

அப்பா பின்னாலேயே வந்து சேர்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். பிறகு ஷெரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். லண்டனில் நல்ல காற்றுதானே, அங்கே எப்படி வந்தது என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஷெரின் சொன்னாள். அவளுடைய தமிழ் அவசரத்துக்கு வராது, ஆனால் இதற்கு வந்தது. "எங்க வீட்டு வாசல்ல பஸ் நிக்கும்ல தாத்தா. அதான்."

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் அந்தச் சந்தைப் பார்த்தார். நாங்கள் சின்ன வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

5

மறுநாள் காலை அப்பா தானாகவே ஜெரால்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், எனக்கும் கேட்டது.

"மாப்ள, அந்த வீட்ட வித்துருங்க. உள்ள தள்ளி ஏதாச்சும் தெருவாப் பாருங்க. நாஞ் சொன்னது தப்பு."

ஜெரால்டு திணறினார். அஞ்சு வருஷமாக ஊரெல்லாம் அந்த வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே மாமா என்றார்.

"சொன்னேன். இனிமே மாத்திச் சொல்லிக்கிறேன். புள்ள மூச்சுக்கு முன்னாடி எம் பேச்சு என்ன பெரிய பேச்சு?"

மூன்று வருடமாக நான் கெஞ்சிக் கேட்டு நடக்காத காரியம். மாமனார் ஒரு வார்த்தை சொன்னதும் ஜெரால்டு ஏஜென்டிடம் போய்விட்டார். என்னத்தைச் சொல்ல? விற்கும்போது ஏஜென்ட் எங்களிடம் கேட்டார், பஸ் ஸ்டாப்பைப் பற்றி வருகிறவர்களிடம் எப்படிச் சொல்லலாம் என்று. உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். சிறுபிள்ளை இல்லாத ஒரு ஜோடி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்து பார்த்து, எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது இருப்பது முட்டுச் சந்து. சின்ன வீடு. ஜெரால்டு வேனைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார், வரும்போதெல்லாம் அலுத்துக்கொள்கிறார். ஷெரினுக்கு வீசிங் முழுதாகப் போய்விடவில்லை. பள்ளி அதே மெயின் ரோட்டில்தான் இருக்கிறது. ஆனால் படுத்தால் தூங்குகிறாள்.

கோயில் வாசலில் அப்பா இப்போது, மகள் வீடு சந்துக்குள்ள இருக்கு, ஆட்டோ கூட நுழையாது என்று அதே பெருமையோடு சொல்கிறாராம். பாண்டி போனில் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்கள் ஓகோ என்கிறார்களாம்.

நல்லது. அப்படியானால் காந்திகிராமத்துச் சந்துக்கு நீங்களும் போக வேண்டியதுதானே என்று ஞாயிறுதோறும் போனில் சண்டை போடுகிறேன். வீட்டை வெள்ளையடித்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். தண்ணீர் வருகிறது, பக்கத்து வீட்டில் நல்ல மனுஷர்கள். அப்பாவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. கரண்டு சரியில்லை, கோயில் தூரம், பழனி ரோட்டில் பழகிய உடம்பு. போன வாரம் விடாமல் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லுங்கள், ஏன் போக மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

பால்கனியில்தான் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, அது ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"நான் போற அன்னைக்குப் பெட்டிய வைக்க வாசல்ல வண்டி வந்து நிக்கணும்லம்மா? அந்தச் சந்துக்குள்ள எங்கிட்டு வரும்?"

எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆள் சாவதற்கும் பார்க்கிங் பார்த்து வைத்திருக்கிறார்.

"அது வரைக்கும் மூச்சு விடணும்லப்பா?" என்றேன்.

அந்தப் பக்கம் இருமல். பிறகு, "சரி, பாப்போம்" என்றார். அவர் பாப்போம் என்று சொன்ன எதையும் செய்து நான் இந்த வயதுவரை கண்டதில்லை. டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பாண்டியிடமும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அப்பாவிடம் கேட்கப்போவதில்லை, அவர் கட்டிலைத்தான் முதலில் காந்திகிராமத்துக்கு ஏற்றப்போகிறோம்.